கண்ணை மூடிக்கொண்டு கேட்ட ஃபிராங்கன்ஸ்டைன்

இந்த ஒலிப்புத்தகத்தை நான் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வலது கண்ணின் விழித்திரையில், சரியாக நடுவில், ஒரு சின்னத் துளை விழுந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழி மிதந்து போய்த் துளையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். ஏழு நாள். சாப்பிடவும் குளியலறைக்குப் போகவும் மட்டும் எழுந்திருக்கலாம். இடது கண் ஏற்கெனவே புரை விழுந்து மங்கல். முப்பது வருஷம் மெய்ப்புப் பார்த்தே பிழைத்தவள் நான். ஏழு நாள் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்காமல் கிடந்தது அதுதான் முதல் தடவை.

மகன் செல்பேசியில் ஒரு செயலியைப் போட்டுவிட்டு, "என்னம்மா கேக்கறீங்க?" என்றான். இருபது வயதில் படித்துப் பாதிக்கு மேல் மறந்துபோன, மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் ஏனோ வாயில் வந்தது. ஆங்கில மூலம், சுருக்காத முழுப் பிரதி, ஒரே ஒருவருடைய வாசிப்பு, எட்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் இரவே கணக்கு உடைந்துவிட்டது.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.

அட்டைப்படத்தை நான் பார்த்தது எட்டாம் நாள்தான். பச்சை முகம், தட்டையான உச்சி, கழுத்தின் இரண்டு பக்கமும் ஆணி. அந்த முகம் நாவலில் இல்லை, 1931இல் வந்த திரைப்படத்தில் போரிஸ் கார்லாஃபுக்குப் போட்ட ஒப்பனை. புத்தகத்தில் வருபவன் எட்டடி உயரம், மஞ்சள் தோல், பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் பல். ஒவ்வோர் உறுப்பையும் அழகாகத்தான் பொறுக்கிச் சேர்த்திருக்கிறான் அவனை உண்டாக்கிய விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், சேர்த்த பிறகுதான் சகிக்கவில்லை. அட்டையைப் பார்க்காமல் கதையைக் கேட்டு முடித்தது என் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

அடுத்தது, எந்தப் பதிப்பு என்று விவரக் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. இந்த நாவலுக்கு இரண்டு முகம். 1818இல் வந்தது ஒன்று, மேரி ஷெல்லியே திருத்தி 1831இல் வந்தது மற்றொன்று. வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டாமா? விக்டர் மணக்கவிருக்கும் எலிசபெத் அவனுடைய அத்தை மகள் என்று வந்த இடத்தில்தான் இது 1818 என்று பிடிபட்டது. 1831இல் அவளை யாரோ பெற்ற அநாதைக் குழந்தையாக மாற்றிவிட்டார் மேரி. பழைய பதிப்புதான் எனக்குப் பிடிக்கும். பின்னதில் விதி, விதி என்று விக்டருக்குச் சாக்குச் சொல்ல நிறைய இடம் இருக்கிறது. முன்னதில் அவன் செய்ததை அவன்தான் செய்தான்.

துண்டு போட்டவருக்கும் ஒரு குட்டு. 1818 பதிப்பில் மூன்று பாகம், 23 அத்தியாயம். செயலியில் 31 துண்டுகள் இருக்கின்றன, ஒன்றுக்கும் தலைப்பு இல்லை. கண் தெரியாமல் விரலால் தடவி 'முந்தைய துண்டு' போனால் எங்கே போய் விழுவோம் என்று கடவுளுக்கே தெரியாது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு வயலின் வேறு அழுகிறது. செய்யாத கொலைக்காக வேலைக்காரி ஜஸ்டீனைத் தூக்கில் போட்ட பிறகும் அதே வயலின், விக்டர் மலையேறக் கிளம்பும்போதும் அதே வயலின்.

முதல் துண்டைத் தாண்டிப் போய்விடுங்கள். அது 27 நிமிட முன்னுரை. யார் யார் சாகிறார்கள் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு கட்டாயம் திரும்பி வந்து கேளுங்கள், ஏனென்றால் அதில் இருப்பது இன்னொரு தனிமைக் கதை. 1797 ஆகஸ்ட் 30இல் மேரி பிறந்தார். பதினோராம் நாள் அவருடைய அம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் இறந்துபோனார். 1815இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை சில நாள்களில் இறந்தது. குழந்தை சாகவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது என்று கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மறுவருஷம் ஜெனீவா ஏரிக்கரையில், தம்போரா எரிமலையின் சாம்பலால் கோடையே வராமல் போன அந்தக் கோடையில், கவிஞர் பைரனின் வீட்டில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க் கதை சொல்லும் போட்டியில் இந்தக் கதை பிறந்தது. அப்போது அவருக்கு வயது 18. ஆக, காதுக்கென்று உருவான கதைதான் இது. 1818 ஜனவரி 1இல் 500 பிரதிகள் வெளிவந்தன, ஆசிரியர் பெயரே இல்லாமல். கதையில் முதலில் கொல்லப்படும் சிறுவனுக்கு, விக்டரின் தம்பிக்கு, வில்லியம் என்று பெயர். மேரியின் மகனுக்கும் அதே பெயர். 1819இல் அந்தக் குழந்தையும் ரோமில் இறந்துபோனது. இதை முன்னுரை ஒரே வாக்கியத்தில் கடந்து போகிறது. நான் அங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தேன்.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இந்த நாவல் டப்பாவுக்குள் டப்பா. வெளியே வால்டன் என்ற கப்பல்காரன், வடதுருவத்தை நோக்கிப் போய்க்கொண்டே இங்கிலாந்தில் இருக்கும் அக்காள் மார்கரெட்டுக்குக் கடிதம் எழுதுகிறான் (அக்காளா தங்கையா என்று நாவல் சொல்வதில்லை, அவன் எழுதுகிற தோரணை எனக்கு அக்காளாகத்தான் படுகிறது). அதற்குள்ளே, பனிக்கட்டியிலிருந்து மீட்கப்பட்ட விக்டர் தன் கதையைச் சொல்கிறான். அதற்குள்ளே, விக்டர் உண்டாக்கியவன் தன் கதையைச் சொல்கிறான். அவன் பேச்சுக்குள்ளே ஒரு குடிசையில் இருக்கும் குடும்பத்தின் கதை. காகிதத்தில் படித்தபோது இது எனக்கு வெறும் உத்தியாகத்தான் பட்டது. காதில் விழும்போது அப்படி இல்லை. வாசிப்பவர் வால்டனை நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வாசிக்கிறார். விக்டருக்குக் குரல் கம்மி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மூச்சு தீர்ந்துபோகிறது. மூன்றாவது குரல் வரும் நேரத்தில் உறுமலுக்கு நான் தயாராக இருந்தேன். உறுமல் வரவில்லை. தாழ்ந்த, தெளிவான, அவசரமில்லாத ஒரு குரல். இலக்கணம் பிசகாத நீள நீளமான வாக்கியங்கள். இந்தப் பதிவில் எல்லாரையும்விட நன்றாகப் பேசுகிறவன் அவன்தான்.

மேரி ஷெல்லி எழுதியதும் அப்படித்தான். அவனுக்கு நாவன்மை அதிகம், நம்பிவிடாதே என்று விக்டரே வால்டனை எச்சரிக்கிறான். குரல் கொஞ்சம் கரடுமுரடு என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அந்தக் கரடை வாசிப்பவர் ஒரு நூல் அளவு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். நல்ல தீர்மானம்.

குப்புறக் கிடந்ததால் எனக்குக் கிடைத்த ஒன்று உண்டு. நாவலிலேயே கண் தெரியாத ஒருவர் வருகிறார், டி லேசி என்ற கிழவர். விக்டர் படைத்துக் கைவிட்டவன் ஒளிந்துகொள்ளும் கொட்டில், அவருடைய குடிசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஒரு சின்னப் பிளவு. அதன் வழியே மாதக்கணக்கில் அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவர்களுடைய உணவிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தவன், அவர்களே வறுமையில் இருப்பது தெரிந்ததும் நிறுத்திக்கொள்கிறான். இரவில் போய் விறகு வெட்டி வாசலில் போடுகிறான். யாரோ நல்ல தேவதை என்று அவர்கள் பேசிக்கொள்வது அவன் காதில் விழுகிறது. கடைசியில், மற்றவர்கள் வெளியே போன ஒரு நாளில், கிழவர் தனியாக இருக்கும்போது கதவைத் தட்டுகிறான்.

கிழவர் அவனை உள்ளே வரச் சொல்கிறார். பேச்சைக் கேட்டுவிட்டு, நீ என் நாட்டுக்காரனா, பிரெஞ்சுக்காரனா என்று கேட்கிறார். எனக்குக் கண் தெரியாது, உன் முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஆனாலும் உன் வார்த்தைகளில் உண்மை இருக்கிறது என்கிறார். அவன் வாழ்நாளில் ஒரு மனிதர் அவனிடம் அன்பாகப் பேசியது அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான்.

கட்டிலின் விளிம்புக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஒன்றும் பார்க்க முடியாமல் இதைக் கேட்டேன். ஒலிப்புத்தகம் கேட்கிற யாரும் அந்த இடத்தில் டி லேசிதான். நமக்கும் குரல் மட்டும்தான் இருக்கிறது. நாமும் அவனை உள்ளே வரச் சொல்லிவிட்டோம். அப்போது மகன் ஃபெலிக்ஸ் கதவைத் திறக்கிறான், அவனுக்குக் கண் இருக்கிறது. கம்பெடுத்து அடிக்கிறான். அடி வாங்குகிறவன் நினைத்திருந்தால் ஃபெலிக்ஸைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை, ஓடிவிடுகிறான். இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. நான் திட்டிய அதே துண்டு போடுகிறவர், கதவு திறக்கும் இடத்தில் துண்டை முடித்துவிட்டார். மூன்று நொடி நிசப்தம், அந்த ஒரு தடவை மட்டும் வயலின் இல்லை. வேண்டுமென்று செய்தாரா, தவறிப்போய் நடந்ததா தெரியாது. உள்ளே என்னவோ பிசைந்தது.

அன்று மாலை மகன் வந்தபோது என் முகம் ஈரமாக இருந்திருக்கிறது. "என்னம்மா, பேய்க் கதை கேட்டு அழறீங்க? கண்ணுக்கு ஆகாதும்மா" என்றான். அப்புறம், "அது இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டான். "அதுன்னு சொல்லாதடா, அவன்னு சொல்லு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, முதல் இரண்டு நாள் நானும் 'அது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது மாறினேன் என்று நினைவில்லை. தமிழில் இந்தக் கதையைப் பேச வாயெடுத்தாலே இது வந்துவிடுகிறது, அவனா, அதுவா என்று முதல் வாக்கியத்திலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். விக்டர் கடைசி வரை அவனுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. பேய், பிசாசு, ஈனப்பிறவி என்று வசவுகளில்தான் கூப்பிடுகிறான். உலகம் அந்தப் பெயரில்லாதவனுக்கு விக்டரின் குடும்பப் பெயரைக் கொடுத்து, படைத்தவன் பெயரே அவன் பெயராக நிலைத்துவிட்டது. ஒரு விதத்தில் நியாயம்தான், அப்பன் பெயர்தானே.

பெயர் பற்றி இன்னோர் இடம். சுவர்ப் பிளவின் வழியே மொழி கற்றுக்கொள்கிறான். முதலில் பிடிபடுபவை நெருப்பு, பால், ரொட்டி, விறகு. அடுத்து ஆள்களின் பெயர்கள். அங்கே ஒன்றைக் கவனிக்கிறான். கிழவருக்கு ஒரே பெயர்தான், அப்பா. பெண்ணுக்கு அகதா என்றும் சகோதரி என்றும் இரண்டு. பையனுக்கு ஃபெலிக்ஸ், சகோதரன், மகன் என்று மூன்று. ஓர் ஆளுக்கு எத்தனை உறவோ அத்தனை பெயர். அவனுக்கு அது ஒரு சாதாரண மொழிப்பாடம், அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறான். வாசிப்பவரும் அழுத்தம் கொடுக்கவில்லை. அதனால்தான் கேட்கிற நமக்கு அழுத்துகிறது. பிறகு தோல்பெட்டி ஒன்றைக் கண்டெடுத்து, அதிலிருந்த மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தையும் புளூடார்க்கின் வாழ்க்கை வரலாறுகளையும் கெதேயின் வெர்தர் நாவலையும் படிக்கிறான். ஆதாமுக்குக்கூட ஏவாள் இருந்தாள், சாத்தானுக்குக்கூடக் கூட்டாளிகள் இருந்தார்கள் என்று அவன் கணக்குப் பார்ப்பது இந்தப் படிப்புக்குப் பிறகு. சாகும் நேரம்வரை அந்தக் கணக்கை விடவில்லை. வால்டனிடம் கடைசியாகப் பேசும்போதும் அதையேதான் சொல்கிறான்.

பேசக் கற்பதற்கு முன்னால், காட்டில் திரியும்போது, பறவைகள் பாடுவதைக் கேட்டு அதுபோல் பாடிப் பார்க்கிறான். வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அவனே பயந்து வாயை மூடிக்கொள்கிறான். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பதிவை இரண்டாம் தடவை கேட்டேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த நவம்பர் இரவு. இங்கல்ஸ்டாட்டில், வீட்டின் உச்சியில், மற்ற அறைகளோடு ஒட்டாத ஒரு தனியறையில் விக்டர் ஏறக்குறைய இரண்டு வருஷம் வேலை செய்கிறான். அந்தப் படைப்பு கண் திறந்ததும் விக்டர் ஓடிவிடுகிறான். இதை முதல் தடவை படித்தபோது கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. விக்டரின் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று அந்தப் புதியவன் கையை நீட்டுகிறான், ஏதேதோ ஒலி எழுப்புகிறான். ஏதாவது பேசியிருக்கலாம், நான் கேட்கவில்லை என்கிறான் விக்டர். பனியாற்றின் மேல் இருவரும் மறுபடி சந்திக்கும்போது, அந்தப் படைப்பு முதலில் கேட்பது துணை இல்லை, பழி இல்லை, என் கதையைக் கேள் என்பதுதான். என் கண்ணெதிரே நிற்காதே என்று விக்டர் கத்தியதும், தன் கையால் விக்டரின் கண்ணை மூடுகிறான். இப்போது உனக்கு என்னைப் பார்க்கிற தொல்லை இல்லை, இனி கேட்கலாமே என்கிறான். விக்டர் அந்தக் கையைத் தட்டிவிடுகிறான். கண்கட்டோடு இதைக் கேட்கிறவள் என்ன எழுதுவது.

விக்டருடைய தனிமையை நான் தனிமை என்றே சொல்லமாட்டேன். அப்பா இருக்கிறார், எலிசபெத் இருக்கிறாள், கிளெர்வால்போல் ஒரு சிநேகிதன் யாருக்கும் கிடைக்கமாட்டான். கடிதம் போடாமல் இருப்பது அவன்தான். உன் கடிதம் நின்றுவிட்டால் மற்றக் கடமைகளையும் நீ விட்டுவிட்டாய் என்றே எடுத்துக்கொள்வேன் என்று அப்பா முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், அப்படியே ஆகிறது. கதவைத் தானே சாத்திக்கொண்டவனுக்கும், தட்டிய கதவெல்லாம் சாத்தப்பட்டவனுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் இந்த நாவல் என்று எனக்குப் படுகிறது. விக்டருக்கு வாசிப்பவர் கொடுத்திருக்கும் அந்தச் சலிப்பூட்டும் முனகல் குரல், முதல் இரண்டு மணி நேரம் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவும் சரியென்று பட்டது. அவன் முனகக்கூடியவன்தான்.

இதற்காக மற்றவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஐந்து வயதுகூடத் தாண்டாத குழந்தை மாதிரி மனசுடையவன், கல்வி கற்றவன், ஆற்றில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றித் தோளில் துப்பாக்கிக் குண்டு வாங்கியவன், எல்லாம் சரி. வில்லியமைப் பிடித்தபோது அவனுடைய எண்ணம்கூடக் கொலை இல்லை. குழந்தைக்கு இன்னும் முகத்தை வெறுக்கத் தெரியாது, கூட்டிப்போய் வளர்த்துத் துணையாக்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறான். குழந்தைக்கும் வெறுக்கத் தெரிந்திருக்கிறது. ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயர் அதன் வாயிலிருந்து வந்ததும் கழுத்தை நெரிக்கிறான். அதுவரை நான் அவன் பக்கம். அதற்கடுத்து, குழந்தையின் கழுத்தில் கிடந்த படத்தை எடுத்து, அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஜஸ்டீனின் ஆடையில் அவளுக்குத் தெரியாமல் செருகுகிறான் பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது ஆத்திரத்தில் செய்தது இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக யோசித்துச் செய்தது. துக்கம்தான் என்னைக் கெட்டவனாக்கியது என்று அவன் சொல்வதை நம்புகிறேன். ஆக்கப்பட்ட பிறகு கெட்டவனாகத்தான் இருந்தான் என்பதையும் நம்புகிறேன். அந்த மென்மையான குரலிலேயே வாசிப்பவர் இந்தக் கொலையையும் சொல்கிறார், துளி மாற்றமில்லாமல். உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுப் பகுதி மட்டும் வாசிப்பில் சோடை. மூன்றே குடிசைகள் உள்ள தீவு. மற்றவன் தனக்குத் துணையாகக் கேட்டதற்காகப் பாதி செய்த பெண்ணுடலை விக்டர் கிழித்துப்போடுகிறான், ஜன்னலுக்கு வெளியே நிலவில் மற்றவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் அவன் பேச வேண்டியது எதுவுமே இல்லை, அலறிக்கொண்டு போய்விடுகிறான். இங்கே வாசிப்பவர் திடீரென்று நடிக்க ஆரம்பித்துவிடுகிறார். அதுவரை கட்டிக்காத்ததை அரை நிமிடத்தில் போட்டு உடைத்த மாதிரி இருந்தது. டி லேசிக்குப் பிரெஞ்சு உச்சரிப்பு வைத்ததும் தேவையில்லாதது. பிரெஞ்சுக் குடும்பம் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசும்போது யாருக்கு உச்சரிப்பு?

வால்டனை முன்பு வெறும் சட்டகமாகத்தான் நினைத்திருந்தேன். இந்த முறை அவனையும் கவனித்தேன். எனக்கு ஒரு சிநேகிதன் இல்லை மார்கரெட், கண்ணோடு கண் பேச ஒருவன் இல்லை என்று இரண்டாம் கடிதத்திலேயே எழுதுகிறான். அவனும் விக்டர் மாதிரியே வேட்கை பிடித்தவன்தான். ஆனால் பனி விலகினால் திரும்பிப் போய்விட வேண்டும் என்று மாலுமிகள் கேட்கிறார்கள், மனமில்லாமல் சம்மதித்துவிடுகிறான். திரும்பும் கப்பலில் விக்டரின் பிணத்தருகே அந்த உருவத்தைப் பார்த்ததும், தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டு, போகாதே, நில் என்கிறான். மறுபடி அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. பார்க்காமலேயே கேட்கிறான். டி லேசிக்குப் பிறகு அவனை முழுதாகக் கேட்டவர்களில், திட்டினாலும் விரட்டாமல் கேட்டவன் வால்டன் ஒருவன்தான்.

யாருக்கு இது ஒத்துவரும்? காரோட்டிக்கொண்டே கேட்கலாம், ஆனால் முதல் நாற்பது நிமிடம் கடிதங்கள் என்பதால் பொறுமை வேண்டும். வேகத்தை ஒன்றேகாலுக்கு மேல் ஏற்றாதீர்கள், மூன்றாவது குரல் கெட்டுப்போகும். தூக்கம் வரக் கேட்கிறவர்கள் ஸ்விட்சர்லாந்து மலை வர்ணனைகளில் நிச்சயம் தூங்கிவிடுவீர்கள், அதைக் குறையாகச் சொல்லவில்லை. திகிலுக்காக வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவீர்கள். வாசிப்புக்கு ஐந்தில் நாலரை, தயாரிப்புக்கு ஐந்தில் இரண்டு, அட்டைக்கு ஒன்றும் கிடையாது. கடைசித் துண்டில், அலைகள் அவனை இருட்டுக்குள் கொண்டுபோன அடுத்த நொடியே வயலின் குதித்து வரும். கையைத் தயாராக வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

குமிழி கரைந்து, நான் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்த பிறகு, மகனும் வேலைக்குப் போகும் வழியில் கேட்க ஆரம்பித்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில், "அம்மா, எர்னஸ்ட் என்ன ஆனான்?" என்றான். எனக்கு யாரென்றே பிடிபடவில்லை. விக்டருக்கு இன்னொரு தம்பி, வில்லியமுக்கு மூத்தவன். எலிசபெத் கொலையான பிறகு, அப்பாவும் எர்னஸ்ட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று விக்டர் பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான். அப்பா சில நாளில் இறந்துவிடுகிறார். அதற்குப் பிறகு எனக்கென்று யாருமே இல்லை என்றுதான் விக்டர் துருவம்வரை புலம்பிக்கொண்டு போகிறான். நான் அந்தத் துண்டுகளை மூன்று தடவை பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கேட்டேன். ஜெனீவா வீட்டில், எல்லாரும் போன பிறகு, எர்னஸ்ட் இருந்திருக்க வேண்டும். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.